சடக்கு யாருக்கு?
தோட்டத்து வழித்தடங்கள் – 17

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைப் பட்டியலை இன்று எடுத்துப் படித்தால் ஓரிடத்தில் கண் நின்றுவிடும். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது என்று வரிசையாகப் போகும் பட்டியலில் சைக்கிளும் வருகிறது. வெள்ளைக்கார மானேஜரோ ஆசியக் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்று இன்னொரு கோரிக்கை.

இரண்டுமே சாலையைப் பற்றியவை. கூலிக்காக நடந்த போராட்டம் என்றே இதைப் பாடப்புத்தகங்கள் சுருக்குகின்றன. கூலிதான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குத் தொழிலாளி தன் சம்பாத்தியத்தில் வாங்கக்கூடிய ஒரே வண்டி சைக்கிள். அதையும் துரை முகம் தெரிந்ததும் உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால், வாங்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மே மாதத்தில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார்; பட்டாளம் வந்தது; சுட்டதில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்த உயிர்கள் போயின.

நம் தோட்டங்களில் எழுதப்படாத முதல் போக்குவரத்து விதி இது: சாலையில் யார் பெரியவனோ அவனுக்கு வழி. இந்த விதி தோட்டத்தோடு ஒழிந்துவிட்டதா, தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வரைக்கும் நம்மோடு குடிபெயர்ந்து வந்துவிட்டதா என்பதுதான் இந்த வாரத்துக் கதை. இடம் வட சிலாங்கூர்: கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை.

தோட்டத்து ஆட்கள் சாலையைச் சாலை என்று சொன்னதில்லை. அது சடக்கு. இந்திக்காரனின் ‘சடக்’ நம் வாயில் புகுந்து ‘உ’ சேர்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது. பெரிய சடக்கு என்றால் பஸ் போகும் அரசாங்கச் சாலை. மண் சடக்கு என்றால் தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் வழி. இன்றைய பிள்ளைகள் இந்தச் சொல்லைப் பாட்டி வாயில் கேட்டால் உண்டு.

அந்த மண் சடக்குகளுக்கும் முன்னால் ஆறுதான் வழி என்று சென்ற வாரம் பார்த்தோம். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே 1905இல் மலாயா வந்தவர். பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் நட்டதுதான் இந்த நாட்டில் வணிகத்துக்கென்று நட்ட முதல் செம்பனை. பெயரைக் கவனியுங்கள்: தென்னமரம். செம்பனை பிறந்த தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில். இந்த வேடிக்கையை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக்கும் சடக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. கித்தாப் பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்துவிடலாம். காண்டாக் கம்பு போதும். செம்பனைக் குலை அப்படி இல்லை. ஒரு குலையே இருபது கிலோவைத் தாண்டும். வெட்டிய குலை காலம் தாழ்த்தாமல் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே செம்பனை வந்த இடமெல்லாம் லோரி வந்தது. லோரி போகிற அளவுக்குச் சடக்கும் அகலமானது. கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட ஒவ்வொரு தோட்டத்திலும் குடியிருப்பின் ஓரமாகக் கனத்த வண்டிகள் ஓடத் தொடங்கின.

இனி லயத்துக்கு வருவோம்.

தோட்டத்தின் வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் அது ஒரு பதவிப் பட்டியல். மேட்டில் துரை பங்களா. சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில், ஸ்டோருக்கும் பெரட்டுக் களத்துக்கும் பக்கத்தில் லயங்கள். அவற்றை ஒட்டி ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப் பள்ளி, கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. விடியற்காலை ஆட்கள் பெரட்டுக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும், மண்டோர் ஒரு குரல் கொடுத்தால் எத்தனை கதவு திறக்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட வரைபடம். மனிதர் சுகமாக வாழ்வது அதில் கணக்கிலேயே இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் தற்செயலாக ஒரு நல்லது நடந்துவிட்டது. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் என் பாட்டி இருந்த லயத்தை நினைத்துப் பார்க்கிறேன். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி அறையும் பின்னால் ஒரு குசினியும். இரு வரிசைக்கும் நடுவே நாற்பது அடிக்குக் குறையாத மண் தரை. தினமும் ஈர்க்குமாற்றால் பெருக்கிப் பெருக்கி சிமெண்டுபோல் இறுகிவிட்டது. மண் சடக்கு லயத்தின் தலைமாட்டில் இருந்த தண்ணீர்க் குழாயோடு முடிந்துபோகும். அதற்கு மேல் வண்டி வராது, வர வேலையும் இல்லை. ரேஷன் லோரியோ சாமான் விற்கும் சீனரின் வேனோ குழாயடியில் நின்று ஹாரன் அடிக்கும், பெண்கள் அங்கே போவார்கள். உள்ளே கோழி, கோலி, பம்பரம், கொடியில் காயும் சேலை, கயிற்றுக் கட்டிலில் தாத்தா. இரண்டு வயதுப் பிள்ளை தத்தித் தத்தி எதிர் லயத்துக்குப் போனால் அங்கே சோறூட்டி அனுப்புவார்கள். சாலையைக் கடக்கும்போது இருபக்கமும் பார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கடப்பதற்குச் சாலையே இல்லை.

அதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் படித்தவர்கள் இதையேதான் தேடிக்கொண்டிருந்தார்கள். 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார் வரும் வழி வீட்டுக்குப் பின்னால் முட்டுச்சந்தில் முடியும். வீட்டின் முகம் பூங்காவைப் பார்க்கும். பிள்ளை ஒரு காரைக்கூட எதிர்கொள்ளாமல் பள்ளிக்கு நடந்து போய்விடலாம். மோட்டார் யுகத்துக்கான ஊர் என்று அதைக் கொண்டாடினார்கள். நாற்பது ஆண்டு கழித்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து மக்கள் தங்கள் தெருவில் மரமும் பெஞ்சும் வைத்துக் காரை நடைவேகத்துக்கு இறக்கினார்கள். 1976இல் அதற்குச் சட்டமே வந்தது. ‘வூனெர்ஃப்’, அதாவது குடியிருப்பு முற்றம் என்று பெயர். நம் லயத்து ஆட்களுக்குக் காட்டியிருந்தால், இதற்கு எதற்கையா சட்டம் என்று கேட்டிருப்பார்கள்.

மலாயாவுக்கு நகர அமைப்பு அறிவு வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1921இலேயே சார்லஸ் ரீட் கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் பூங்கா நகரக் கொள்கையைப் பரப்பியவர். கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்க நகர அமைப்பாளர் பதவியை ஏற்றார். 1923இல் நகர அமைப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அது ‘நகர’ அமைப்பு. தோட்டம் நகரம் இல்லையே! அதன் வேலிக்கு உள்ளே என்ன நடந்தாலும் அது கம்பெனி விவகாரம், மிஞ்சினால் தொழிலாளர் இலாகா விவகாரம். நாட்டின் தமிழர்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்த குடியிருப்புகள் திட்டமிடுவோரின் மேசைக்கே வரவில்லை. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் சுவர், கூரை, தண்ணீர், கக்கூஸ் பற்றியது.

லயத்து முற்றத்தை நான் புகழ்வதைப் பார்த்து, அந்த வாழ்க்கையே மேல் என்று சொல்ல வருகிறான் இவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முற்றத்தில் கார் வராததற்குக் காரணம் அங்கே யாரிடமும் கார் இல்லை. சடக்கு குழாயடியில் முடிந்ததற்குக் காரணம் அதற்கு மேல் கல் கொட்டக் கம்பெனிக்கு மனமில்லை. 1948இல் அவசரகாலம் வந்ததும் அந்த அமைப்பின் மறுமுகம் தெரிந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கேட் மூடும். காலையில் தீம்பாருக்குப் போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து அனுப்புவார்கள், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதாம். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. சில தோட்டங்களில் கேட் மட்டும் நின்றது. வழி ஒன்றாக இருந்தால் காவல் எளிது என்ற பாடம் துரைமாருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. எழுபதுகளில் தவணைக்கு எடுத்த சின்ன ஹோண்டாதான் தோட்டத்து இளைஞனின் முதல் சொத்து. என் மாமா ஒருவர் தன் வண்டியை இரவில் வீட்டுக்குள், சாமி மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் படுப்பார். சைக்கிளில் ஒன்றரை மணி நேரமான கோலசிலாங்கூர் அரை மணி நேரமானது. பட்டணத்துத் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட், படிப்பு எல்லாம் அந்த வண்டியில்தான் வந்தன. சாவும் அதில்தான் வந்தது. தலைக்கவசம் கட்டாயமானது 1973இல். இன்றைக்கும் மலேசியாவில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறக்கிறார்கள். பத்துப் பேரில் ஆறுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் எழுபதுகளிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்ட நாடு இது, உலகத்துக்கே முன்னோடி. அந்தத் தடம் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில். மண் சடக்கிலிருந்து திடீரென்று பெரிய சடக்கில் ஏறும் தோட்டத்துப் பையனுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. செம்பனை மறைத்த அந்த முனைகளை இன்றும் பார்க்கலாம். கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியே சுங்கை பூலோ போகும் 54ஆம் எண் சாலையில் காடிகள் தொண்ணூறில் பறக்கும். செம்மண் படிந்த டயர் தாரில் வழுக்கும்.

அடுத்த கட்டம், தோட்டம் விற்பனை. கித்தா விலை சரிந்தது, நிலம் விலை ஏறியது. மீதி உங்களுக்குத் தெரியும். பத்தாங் பெர்சுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றினார்கள். அதற்கும் முன்பே, தொண்ணூறுகளில், அதன் சுற்றுவட்டாரத்து ஐந்து தோட்டங்களான மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்ஞாக் ஆகியவற்றின் மக்கள் வெளியேறித் தற்காலிக நீள்வீடுகளில் குடியேற வேண்டியதாயிற்று. தற்காலிகம் என்றால் ஓராண்டோ ஈராண்டோ என்று நினைத்திருப்பார்கள். 245 குடும்பங்களுக்கான தரைவீட்டுத் திட்டத்தை அரசு அறிவித்தது 2023இல்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வீடு கிடைத்த மற்றவர்களுக்கு வீட்டு வாசலில் என்ன கிடைத்தது என்பதைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

தாமான் வரைபடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இருபதடிக்கு அறுபதடி மனை, வரிசையாக ஒட்டிய வீடுகள், பின்னால் இருபதடிச் சந்து, முன்னால் நாற்பதடிச் சாலை நிலம். பின்சந்தின் கதையே சுவையானது. 1907இல் சிங்கப்பூரின் சுகாதாரத்தை ஆராய்ந்த டாக்டர் சிம்சன், நெரிசலான கடைவீடுகளுக்குப் பின்னால் காற்றுக்கும் மலக்கூடை எடுப்பதற்கும் வழி வேண்டும் என்றார். கூடை போய், தொட்டி வந்து, குழாயும் வந்துவிட்டது. சந்து மட்டும் இன்னமும் வரைபடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் யாருக்கும் பயனில்லாமல். முன்பக்க நாற்பதடியில் சாக்கடையும் ஓரமும் போக, தார் போட்டது இருபதடி சொச்சம். இருபுறமும் காடி நிறுத்தினால் நடுவே ஒரு வண்டி நுழையும். பகலில் காடிகள் வேலைக்குப் போனதும் அதே தெரு அம்பு விட்டதுபோல் நேராக, காலியாக, மிதி மிதி என்று ஆளை அழைக்கும். விளையாட்டுத் திடல் உண்டு. பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது விதி. அது எங்கே இருக்கும்? மனை பிரித்து மிஞ்சிய மூலையில், பெரிய சாக்கடைக்கும் மின்சாரக் கொட்டகைக்கும் நடுவில். அங்கே போக நான்கு தெரு கடக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அப்படியொரு தாமானில், லயத்தில் பாட்டிக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா ஒருவரைப் பார்க்கப் போனேன். மாலை ஆறு மணி. கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். உள்ளே காடி நிறுத்தும் இடத்தில், காடிக்கும் சுவருக்கும் இடையில் பேரன் மூன்று சக்கர வண்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். ஆறடி முன்னே, ஆறடி பின்னே.

“லயத்துல புள்ளய அவுத்துவுட்டா ராத்திரிச் சோத்துக்குத்தான் தம்பி தேடுவோம்,” என்றார். “இங்க கேட்டத் தொறந்தாலே நெஞ்சு அடிச்சிக்குது.”

எதிர்வீட்டுக்காரர்கள் தெருவில் தாங்களாகவே ஒரு மேடு கட்டியிருந்தார்கள். சிமெண்டைக் குழைத்து, ஒரு சாண் அகலத்துக்குத் தெருவின் குறுக்கே கொட்டி, மேலே மஞ்சள் பெயிண்ட். பக்கத்தில் பழைய லோரி டயருக்குள் சிமெண்ட் ஊற்றி நட்ட கம்பில், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று மலாயில் கையெழுத்துப் பலகை. நான் இருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுக் காடிகள் அந்த மேட்டில் தடக் தடக் என்று ஏறி இறங்கின. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றுகூட ஏறவில்லை. மேட்டுக்கும் சாக்கடைக்கும் இடையே விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியில் வேகம் குறையாமல் நழுவிப் போயின.

அந்த மேடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மேட்டுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் சோதித்துக் கண்ட மேடு பன்னிரண்டடி நீளம், நான்கு அங்குல உயரம், வட்டமான முதுகு. மெதுவாகப் போனால் தொட்டிலாட்டம், வேகமாகப் போனால் அடி. ஒரு சாண் அகலத்தில் கட்டினால் நேர்மாறு: மெதுவாகப் போகிற கர்ப்பிணிக்கு அடி, பறக்கிறவனின் டயர் தட்டிவிட்டுப் போய்விடும். இருட்டில் தெரியாமல் வரும் மோட்டார்க்காரன் விழுவான். தெருவில் மேடு போட ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

வேகத்தை வீட்டுக் கணக்கில் சொன்னால் புரியும். முப்பது கிலோமீட்டரில் வரும் காடிக்காரர் பிள்ளையைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்து, காய்ந்த தாரில் நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் வேண்டும். ஐம்பதில் வந்தால் 28 மீட்டர். இருபதடி வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் முதலாமவர் இரண்டு வீடு தள்ளி நின்றுவிடுவார். இரண்டாமவருக்கு நாலரை வீடு வேண்டும். பந்தின் பின்னால் ஓடிவரும் பிள்ளை நாலரை வீட்டுக்கு முன்பே அறிவித்துவிட்டு வருவதில்லை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் முப்பதே உச்சம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை அந்த அறிவிப்பை வரவேற்றது. அக்காவின் தெரு மேடு அதற்கு நம் ஊர் உரை.

சரி, முறையாகக் கட்டித்தரச் சொல்லிக் கேட்கலாமே? இங்கேதான் பழைய வேலி திரும்ப வருகிறது. தோட்டத்துச் சடக்கு கம்பெனிச் சொத்து, அரசாங்கப் பணம் அதற்குள் வராது. தாமான் சாலை மேம்பாட்டாளர் போட்டது. அவர் அதை ஊராட்சி மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கும்வரை அதுவும் ஏறக்குறைய அனாதைதான். சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் மானியம் அரசியலமைப்பின் 10ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது. ‘மாரிஸ்’ எனப்படும் பதிவேட்டில் ஏறிய சாலைக்கே அது பாயும். பதிவேட்டில் இல்லாத சாலை அரசாங்கத்தின் கண்ணுக்கு இல்லாத சாலை. குழி விழுந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அலையும் தாமான்காரர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

இதற்கிடையே பெரிய சடக்குகள் மேலும் பெரியவை ஆகின்றன. 2011இல் லாத்தார் விரைவுச்சாலை திறந்தது; ஈஜோக் பக்கத்திலிருந்து டெம்பளர் பார்க் வரை 33 கிலோமீட்டர். பந்திங்கையும் தைப்பிங்கையும் இணைக்கும் மேற்குக்கரை விரைவுச்சாலையும் இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. நல்லதுதான், கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகள் சீக்கிரம் வீடு சேர்கிறார்கள். ஆனால் விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வண்டி தன் வேகத்தைச் சுங்கச்சாவடியில் விட்டுவிட்டு வருவதில்லை. பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து மணல் லோரிகள், எங்கும் செம்பனைக் குலை லோரிகள், வாரக் கடைசியில் கம்போங் குவாந்தான் மின்மினி பார்க்க வரும் பட்டணத்துக் காடிகள். எல்லாவற்றுக்கும் நடுவே, பெயரில் இன்னமும் ‘தோட்டம்’ ஒட்டியிருக்கும் தமிழ்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

வசதியுள்ளவர்கள் வேறு வழி கண்டுவிட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த புதிய குடியிருப்புகளில் ஒரே நுழைவாயில், தடுப்புக்கட்டை, காவலாளி. வெளியார் வண்டி குறுக்கே பாயாது, பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். 2015இல் கூட்டரசு நீதிமன்றமே சிலாங்கூர் வழக்கொன்றில், குடியிருப்பாளர் சங்கம் வைத்த அத்தகைய தடுப்புக்கட்டை சட்டவிரோத இடையூறு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படியொரு வாயிலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது எனக்கு 1941 கோரிக்கை நினைவுக்கு வந்தது: உறவினரும் நண்பரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். அன்று கேட்டை வைத்தவர் துரை. இன்று மாதச் சந்தா கட்டி நாமே வைக்கிறோம். பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சந்தா கட்ட முடிந்த தெருவில் மட்டும் பிள்ளை விளையாடலாம் என்றால் அது நகர அமைப்பே இல்லை, பங்களா மேடும் லயத்துப் பள்ளமும் வேறு வேடத்தில் வந்திருக்கின்றன என்றுதான் சொல்வேன்.

ஆகவே வாசகர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். உங்கள் தாமான் சாலை ஒப்படைக்கப்பட்டுவிட்டதா, மாரிஸ் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கோலசிலாங்கூர்க்காரர்கள் என்றால், மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்துவிட்டது, அங்கே கேளுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டு நகர, கிராம அமைப்புச் சட்டம். அந்த அறிவிப்பு வரும் நாளில் நம் சங்கத்திலிருந்து ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

இன்னொன்று. வட சிலாங்கூர் லயங்களில் வாழ்ந்தவர்கள், உங்கள் லயத்து முற்றத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். குழாய் எங்கே, கோயில் எங்கே, சடக்கு எங்கே முடிந்தது என்பது தெரிந்தால் போதும். அடுத்த வாரம் திருவிழா ரதம் போன வழியை எழுதுகிறேன்; அதற்கு இந்தப் படங்கள் வேண்டும்.